‘குடிச்சியா?’ என்று மட்டும் கேட்டோம்: ஒரு பாராகுவாட் நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையின் தென்கோடியில், நிபோங் திபால் பக்கம் இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் டிரெசராக இருந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் புரியாது. தோட்டத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது, முள் ஏறிய காலைக் கீறிக் கட்டுவது, பிள்ளைகளுக்கு எடை பார்ப்பது, கைக்கு மீறியது என்றால் கடிதம் எழுதி அரசு மருத்துவமனைக்கு அனுப்புவது, இதெல்லாம் டிரெசர் வேலை. டாக்டர் மாதத்துக்கு இரண்டு முறை வருவார். மற்ற நாளெல்லாம் நான்தான்.

இங்கே எழுதப்போவது 1996-ல் என் கைக்கு வந்து, என் கையாலேயே தவறிப்போன ஒரு நிகழ்வு. சம்பந்தப்பட்ட அம்மா இன்றும் இருக்கிறார். எழுதலாமா என்று நேரில் போய்க் கேட்டேன். “பேரு வேணாம், மத்ததெல்லாம் எழுதுங்கய்யா” என்றார்.

வெள்ளிக்கிழமை

காலை ஏழரை மணி இருக்கும். பெரட்டு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது, முடிந்து ஆட்களெல்லாம் காட்டுக்குள் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவர் கைலியைப் பின்பக்கம் உடம்பில் படாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வயது 39, மூன்று பிள்ளைகள், மருந்தடிக்கும் கும்பலில் ஆறு வருடம்.

“எரியுதுங்கய்யா. உட்கார முடியலை, படுக்க முடியலை.”

உதவிக்கு இருந்த ஆயாம்மா அவரைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இடுப்புக்குக் கீழேயும் இடது தொடையின் பின்பக்கமும் தோல் சிவந்து, கொப்புளம் கட்டி, சில இடத்தில் உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. வெந்நீர் கொட்டியதா என்று கேட்டேன். இல்லை என்றார். வேர்வையில் உராய்ந்து தோல் வழண்டிருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். களிம்பு தடவச் சொன்னேன். ஒரு நாள் விடுப்பு எழுதினேன். பதிவேட்டில் ‘தோல் அழற்சி’ என்று போட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவர் என்ன வேலை செய்கிறார் என்பது எனக்குத் தெரியும். அந்த வாரம் அந்த வேலையில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. புண்ணைச் சோப்புப் போட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லவில்லை. கழுவாத புண்ணின் மேலேயே களிம்பைப் பூசினோம். அவர் கட்டியிருந்த கைலி முந்தின நாள் காட்டுக்குக் கட்டிப்போன அதே கைலி. அதை மாற்றச் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து வாந்தி. ஞாயிறு விடியற்காலை அவர் கணவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். “ராத்திரி முழுக்க வாந்திங்கய்யா. ஒண்ணுக்கும் சரியாப் போகலை.” போய்ப் பார்த்தேன். நாடி வேகமாக இருந்தது, கண் குழி விழுந்திருந்தது. அரசு மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினேன்: வாந்தி, சிறுநீர் குறைவு, தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கும் தொழிலாளி. புண்ணைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மருத்துவமனையில் கேட்ட கேள்வி

அந்தக் காலத்தில் தோட்டத்திலிருந்து களைக்கொல்லி சம்பந்தமாக ஒருவர் வந்தால் மருத்துவமனையில் முதலில் எழும் சந்தேகம் ஒன்றுதான். கடன், குடி, குடும்பச் சண்டை என்று மனம் உடைந்தவர்கள் பாராகுவாட் என்ற களைக்கொல்லியைக் குடித்துவிட்டு வருவதை அவர்கள் வாரந்தோறும் பார்த்தவர்கள். சந்தேகப்பட்டதில் தவறில்லை. என் கடிதத்தில் ‘களைக்கொல்லி’ என்ற சொல்லைப் பார்த்ததும் சிறுநீரைச் சோதித்தார்கள். வெளிர் நீலம் வந்தது. உடம்பில் பாராகுவாட் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அதன் பிறகு கேள்விகள் எல்லாம் ஒரே திசையில் போயின. “குடிச்சியா?” இல்லை என்றார். கணவரை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்டார்கள். இல்லை என்றார். மனநல மருத்துவர் வந்து கேட்டார். அப்போதும் இல்லை என்றார். நான் திங்கட்கிழமை போனபோது கணவர் வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். “வீட்ல சண்டையான்னு கேக்கறாங்கய்யா. அடிச்சியான்னு கேக்கறாங்க. என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?” என்றார். போலீசுக்குச் சொல்லியிருப்பார்களோ என்ற பயம் வேறு அவருக்கு. அந்தப் பயம் வீணானதும் அல்ல. அன்றைய சட்டப்படி தற்கொலை முயற்சி ஒரு குற்றம். தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-ல்தான் மலேசியாவில் நீக்கப்பட்டது.

திரும்பி வரும்போது நானும் யோசித்தேன், ஒருவேளை குடித்துத்தான் இருப்பாரோ என்று. ஆறு வருடம் தெரிந்த மனுஷியைப் பற்றி அப்படி நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவருக்கு உடம்பு துடைத்துவிட வந்த ஒரு தாதி, ஒருக்களித்துப் படுக்க வைத்தபோது பின்பக்கத்தைப் பார்த்துவிட்டார். அதற்குள் புண் கறுத்து, ஓரம் தடித்திருந்தது. உடனே இளம் டாக்டரைக் கூப்பிட்டார். அந்த டாக்டர் செய்ததை நான் இன்றுவரை மதிக்கிறேன். புண்ணைப் பார்த்ததும் நேராகப் போய் வாயைத் திறக்கச் சொன்னார். விளக்கு அடித்து நாக்கு, உதடு, தொண்டை எல்லாம் பார்த்தார். நாக்கு சிவப்பாக, சுத்தமாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. கஞ்சி குடித்தால் வலிக்கிறதா என்று கேட்டார். வலியே இல்லை என்றார் அவர்.

பாராகுவாட்டைக் குடித்தவரின் வாய் அப்படி இருக்காது. அது பட்ட இடத்தை அரிக்கும் பொருள். குடித்த ஓரிரு நாளில் நாக்கிலும் தொண்டையிலும் வெள்ளை படர்ந்த புண் வரும், எச்சில் விழுங்க முடியாது. இங்கே வாய் சுத்தமாக இருந்தது, பின்பக்கம் வெந்திருந்தது. விஷம் எந்த வாசல் வழியாக உள்ளே போனது என்பதற்கு அவர் உடம்பே மூன்று நாளாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். “அம்மா, போன வாரம் என்ன வேலை செஞ்சீங்க, முதல்லேருந்து சொல்லுங்க.” அவர் சொல்லப் பத்து நிமிடம் ஆனது.

முதுகில் ஏறிய பம்ப்பு

அந்தப் பத்து நிமிடக் கதையை நான் பிறகு அவரிடமும், கூட வேலை செய்த பெண்களிடமும் கேட்டு முழுதாக எழுதி வைத்துக்கொண்டேன்.

மருந்தடிப்பவர்கள் அப்போது தோட்டத்து ஆட்கள் அல்ல, குத்தகைக்காரரின் ஆட்கள். கும்பலில் 14 பேர், அதில் 11 பேர் பெண்கள், எல்லாரும் நம்மவர்கள். முதுகுப் பம்ப்பு 16 லிட்டர் பிடிக்கும். நிரப்பினால் பம்ப்பின் எடையோடு சேர்த்து 20 கிலோவை நெருங்கும். வலது கையில் குழாய், இடது கையில் நெம்பு. நெம்பை அடித்துக்கொண்டே வரிசைக்கு வரிசை, முழங்கால் உயரக் களைக்குள் நடக்க வேண்டும். அடித்த களையை மிதித்துக்கொண்டேதான் அடுத்த அடி வைக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் செம்பனைக்கு அடியில் காற்றே இருக்காது.

அந்த வாரம் திங்கட்கிழமை அவருக்குக் கிடைத்த பம்ப்பின் அடிவாஷர் தேய்ந்திருந்தது. ஒவ்வொரு நெம்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இடுப்பில் வழிந்தது. கும்பலை மேய்க்கும் மண்டோரிடம் சொன்னார். வேறு பம்ப்பு இல்லை, துணியைச் சுற்றிக் கட்டிக்கோ என்று பதில் வந்தது. பழைய துண்டு ஒன்றை மடித்து பம்ப்புக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்தார். துண்டு நனைந்தது. சட்டை நனையாமல் இருக்கட்டும் என்று மறுநாள் உரச்சாக்கின் உள் பிளாஸ்டிக்கைக் கிழித்து இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். துண்டு உள்ளே, பிளாஸ்டிக் வெளியே.

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் செய்ததுதான் அவரை அதிகம் கெடுத்தது. நனைந்த துண்டு பற்றுப் போட்ட மாதிரி தோலோடு ஒட்டிக்கிடந்தது. பிளாஸ்டிக் அதைக் காய விடவில்லை. நான்கு நாள், நாளுக்கு ஆறேழு மணி நேரம். முதல் நாளே தோல் எரிந்து சிவந்தது. இரண்டாம் நாள் கொப்புளம். மூன்றாம் நாள் கொப்புளம் உடைந்தது. நான்காம் நாள் அந்தப் பச்சைப் புண்ணின் மேல் மறுபடி அதே மருந்து. களை சரியாகச் சாகவில்லை என்று அந்த வாரம் கலவையையும் வழக்கத்தைவிடக் கெட்டியாகக் கலந்திருந்தார்கள். அளவு பார்ப்பது மூடியால்தான்.

ஏன் வேலைக்குப் போனீர்கள் என்று கேட்டால், அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். நாள் கணக்குச் சம்பளம். போகவில்லை என்றால் அந்த நாள் இல்லை. குத்தகைக்காரர், தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவில் அவர் பெயரைப் பதிந்திருக்கவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லாரும், டிரெசரான நான் உட்பட, அதை ‘மருந்து’ என்றுதான் சொன்னோம். மருந்து அடிக்கிறது, மருந்து கலக்கிறது, மருந்துக்கார பொம்பளைங்க. பக்கத்து மலாய்க் கிராமத்தில் அதே திரவத்துக்கு ‘ராச்சுன்’ என்று பெயர். ராச்சுன் என்றால் விஷம், வேறு அர்த்தமே கிடையாது. தமிழில் நோய்க்குக் கொடுப்பதும் மருந்து, கொல்வதும் மருந்து. கைலியில் மருந்து பட்டது என்று ஒரு தாய் சொல்லும்போது அதில் பதற்றம் எங்கிருந்து வரும்?

அந்த நீலம்

சிறுநீர்ச் சோதனையை ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரு தம்பி எனக்கு மறுபடி செய்து காட்டினார். சிறுநீரில் சோடாவைப் போட்டுக் காரமாக்கி, சோடியம் டைத்தியோனைட் என்ற தூளைச் சிட்டிகை போட்டார். வெளிர் நீலம். பிறகு குழாயை மூடிக் குலுக்கினார். நீலம் மறைந்தது. மறுபடி தூள் போட்டார், மறுபடி நீலம். எனக்கு அப்போது அது வித்தை மாதிரி இருந்தது. அந்தக் குழாயில் நடந்ததுதான் அந்த அம்மாவின் நுரையீரலில் நடந்துகொண்டிருந்தது என்பது பிற்பாடு படித்துத்தான் புரிந்தது.

பாராகுவாட் மூலக்கூறு ஒரு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டால் நீலமாகிறது. தூள் அந்த எலக்ட்ரானைக் கொடுக்கிறது. குலுக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து அதைப் பிடுங்கிக்கொள்கிறது. நீலம் போய், பாராகுவாட் பழைய நிலைக்குத் திரும்புகிறது. எலக்ட்ரானைப் பெற்ற ஆக்சிஜனோ சூப்பராக்சைடு என்ற கொடிய வடிவத்துக்கு மாறி, அருகில் உள்ள செல்லின் சவ்வைச் சிதைக்கிறது. பாராகுவாட் செலவாவதில்லை. திரும்பித் திரும்பி வாங்கும், திரும்பித் திரும்பிக் கொடுக்கும். இலையில் இந்த எலக்ட்ரான் ஒளிச்சேர்க்கையிலிருந்து கிடைக்கிறது. அதனால்தான் நல்ல வெயிலில் அடித்தால் களை சில மணி நேரத்தில் வாடிவிடும். மனித உடம்பில் செல் தன் சொந்த வேலைக்காகச் சேர்த்து வைத்திருக்கும் எலக்ட்ரான்களை அது எடுத்துக்கொள்கிறது.

ஏன் குறிப்பாக நுரையீரல்? நுரையீரலின் காற்றறைச் செல்கள் பாலிஅமின் எனப்படும் சில பொருட்களை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ள ஒரு தனி வாசல் வைத்திருக்கின்றன. பாராகுவாட்டின் வடிவம் அவற்றுக்கு ஒத்திருப்பதால் அதே வாசல் வழியாக உள்ளே போகிறது. இரத்தத்தில் இருக்கும் அளவைப்போலப் பல மடங்கு நுரையீரலில் சேர்ந்துவிடும். போன இடமோ உடம்பிலேயே ஆக்சிஜன் அதிகம் புழங்கும் இடம்.

உடம்பு இதை உடைத்துச் செரிக்காது. உள்ளே வந்த வடிவத்திலேயே சிறுநீரில் வெளியேற்றும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஒரு நாளில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் போகும் வழியில் சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டுப் போகும். சிறுநீரகம் தளர்ந்தால் விஷம் தங்கும், தங்கினால் நுரையீரலில் ஏறும். அந்த அம்மாவுக்குச் சிறுநீர் குறைந்ததைக் கணவர் சொன்ன ஞாயிற்றுக்கிழமையே இந்த வரிசை ஆரம்பித்திருந்தது.

இந்தப் பொருளுக்கு முறிவு மருந்து கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஆக்சிஜன் கொடுக்காத நாட்கள்

புதன்கிழமை மூச்சு வாங்க ஆரம்பித்தது. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலின் கீழ்ப்பகுதியிலும் வெண்மூட்டம். ஸ்டீராய்டு ஊசி ஆரம்பித்தார்கள். புண்ணைத் தினமும் கழுவிக் கட்டினார்கள்.

அந்த நாட்களில் கணவருக்குத் தாங்க முடியாமல் போனது ஒன்று. மனைவி வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கிறார். கட்டிலுக்குப் பின்னால் சுவரில் ஆக்சிஜன் குழாய் இருக்கிறது. யாரும் அதைத் திறக்கவில்லை. “பணம் கட்டணும்னா கட்டறேன்னு சொல்லுங்கய்யா” என்று என்னிடம் கெஞ்சினார். நானே டாக்டரிடம் போய்க் கேட்டேன். ஆக்சிஜன் கூடினால் சூப்பராக்சைடும் கூடும், எரிகிற நெருப்பை விசிறுகிற மாதிரி ஆகிவிடும், இரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கினால் மட்டும்தான் கொடுப்போம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அதைக் கணவருக்கு எப்படிச் சொல்வது? அடுப்பில் பாதி எரிந்த கட்டையை ஊதினால் என்ன ஆகும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப ஊதாதீங்க” என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பழைய நாளிதழை மடித்து மனைவிக்கு விசிறிக்கொண்டே இருந்தார்.

நான் பட்டர்வொர்த்தில் மோட்டார் சைக்கிளோடு பெர்ரி ஏறி, மருத்துவமனை இருந்த பினாங்குத் தீவுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். பத்தாம் நாள் வரை ஒவ்வொரு முறையும் வார்டுக்குள் நுழையும்போது கட்டில் காலியாக இருக்குமோ என்ற நினைப்புத்தான்.

பதினொன்றாம் நாளிலிருந்து சிறுநீர் கூடியது. மூச்சு மேலும் மோசமாகவில்லை. 26-ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். குடித்தவர்களில் பலருக்கு இந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. தோல் வழியாகப் போன அளவு குறைவு என்பதுதான் அவரைக் காப்பாற்றியது. ஆனால் ஆறு மாதம் கழித்து எடுத்த மூச்சுச் சோதனையில் நுரையீரல் கொள்ளளவு, அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் சுமார் 60 விழுக்காடுதான் இருந்தது. புண் ஆறினால் தோலில் தழும்பு விழுவது போல நுரையீரலிலும் விழுந்துவிட்டது. அது விரிந்து சுருங்காது.

பதிவேட்டைத் திருப்பியபோது

அவர் வீடு திரும்பிய வாரம் நான் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து வருடத்துப் பதிவேடு. மருந்தடிக்கும் கும்பலில் இருந்த 11 பெண்களின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவரும் எப்போது எதற்காக வந்தார்கள் என்று எடுத்து எழுதினேன். மூன்று இரவு ஆனது.

மூக்கில் இரத்தம். என் கையெழுத்தில் எதிரே ‘உடம்புச் சூடு’. இளநீர் குடி, தலைக்கு எண்ணெய் வை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். நகம் வெளுத்தது, குறுக்கே கோடு விழுந்தது, கழன்று விழுந்தது. எதிரே ‘பூஞ்சை’. கண் சிவப்பு, கண் சொட்டு. தொடையில் சிரங்கு, களிம்பு. எல்லாம் வெவ்வேறு தேதியில், வெவ்வேறு பக்கத்தில், வெவ்வேறு நோயாகக் கிடந்தன. ஒரே தாளில் பெயர்வாரியாக எழுதியதும் அவை ஒரே நோயாகத் தெரிந்தன.

11 பேரையும் கூப்பிட்டுக் கையைக் காட்டச் சொன்னேன். ஏழு பேருக்கு நகம் கெட்டிருந்தது, அதிலும் ஆறு பேருக்கு வலது கையில். குழாய் பிடிக்கும் கை அது, குழாய் மூட்டு ஒழுகும் இடம் அது. கையுறை போட்டவர்களுக்குத்தான் மோசமாக இருந்தது. ஓட்டை விழுந்த ரப்பர் கையுறைக்குள் மருந்து புகுந்தால் நகம் நாள் முழுதும் அதிலேயே ஊறும்.

மூக்கில் இரத்தம் வந்ததற்குக் காரணமும் சூடல்ல. தெளிப்பானிலிருந்து வரும் துளிகள் பெரியவை. அவை நுரையீரல் வரை போகாது; மூக்கிலேயே தங்கி உட்சவ்வை அரிக்கும். மூச்சில் உள்ளே போகாது என்று இதைத்தான் பாதுகாப்புக்குச் சான்றாகச் சொன்னார்கள். உண்மைதான், மூக்கோடு நின்றுவிடும். மூக்கும் ஒருவருடையதுதானே.

தோலைப் பற்றியும் இப்படி ஒரு உண்மை உண்டு. கீறல் இல்லாத முழுத் தோல் வழியாக பாராகுவாட் உள்ளே போவது மிகக் குறைவு, பட்டதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மண்ணில் விழுந்தாலும் களிமண் துகளோடு இறுக ஒட்டிச் செயலிழந்துவிடும். இரண்டும் ஆய்வில் நிறுவப்பட்டவை. ஆனால் முள்ளிலும் கோரையிலும் நடக்கிற ஒரு பெண்ணின் கால் முழுத் தோலோடு இருக்குமா? வேர்க்குரு கீறிய இடுப்பு? இந்த மருந்துக்கு இன்னொரு குணமும் உண்டு. முழுத் தோலை அதுவே புண்ணாக்கும், பிறகு தான் ஆக்கிய புண் வழியாகவே உள்ளே போகும். பத்திரமாகக் கையாண்டால் ஆபத்தில்லை என்று சொன்னவர்கள் முதல் நாள் தோலைப் பார்த்துச் சொன்னார்கள். நான் பார்த்தது நான்காம் நாள் தோலை.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத செய்தியாக இருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும். பாராகுவாட் 1962-ல் விற்பனைக்கு வந்தது. 1969-லேயே, மலேசியத் தோட்டங்களில் மருந்தடிப்பவர்களை வைத்துச் செய்த ஆய்வு பிரிட்டனின் தொழில் மருத்துவ இதழில் வெளியாகிவிட்டது. சிறுநீரில் பாராகுவாட், தோல் எரிச்சல், கண் எரிச்சல், மூக்கில் இரத்தம் எல்லாம் அதில் இருந்தன. 1971-ல் டிரினிடாட் கரும்புத் தோட்டத்துத் தொழிலாளர்களின் நகங்களைப் பற்றி அதே இதழில் எழுதினார்கள். நம் தோட்டத்துப் பெண்களின் மூக்கும் நகமும் லண்டன் இதழ்வரை போயிருக்கிறது. நிபோங் திபாலில் இருந்த டிரெசருக்கு வந்து சேரவில்லை. சுவீடன் 1983-லேயே தடை செய்துவிட்டது.

அதற்குப் பிறகு

எங்கள் தோட்டத்தில் சின்ன மாற்றங்கள் நடந்தன. ஒழுகும் பம்ப்பை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகக்கூடாது என்று மானேஜரிடம் எழுதி வாங்கினேன். பெரட்டிலேயே பம்ப்பில் வெறும் தண்ணீர் ஊற்றி அடித்துப் பார்த்த பிறகுதான் மருந்து. மருந்துக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு குழாயும் சோப்பும் வைத்தோம். பதிவேட்டில் ‘வேலை’ என்று ஒரு பத்தியைக் கையால் கோடு போட்டுச் சேர்த்தேன். 1994-ன் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அப்போதே நடப்பில் இருந்தது. இரசாயனங்களைக் கையாளும் ஆட்களுக்கு மருத்துவக் கண்காணிப்பு வேண்டும் என்ற விரிவான விதிமுறைகள் 2000-ல் வந்தன. வந்த பிறகும் குத்தகை ஆட்கள் யார் பொறுப்பு என்ற இழுபறி ஓயவில்லை.

எழுத்தில் இருந்த மாற்றத்தை வெளியே பேச வைத்தவர்கள் பெண்கள்தான். ஐரின் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகானித்தா என்ற பெண்கள், தொழிலாளர் உரிமை அமைப்பும், பினாங்கிலிருந்து இயங்கும் ‘பான்’ ஆசிய பசிபிக் என்ற பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் தோட்டம் தோட்டமாகப் போய் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலையைப் பதிவு செய்து 2002-ல் அறிக்கையாக வெளியிட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஆனால் 2006-ல் தடை தளர்த்தப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. முழுத் தடை 2020 ஜனவரி 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. முதல் அறிவிப்புக்கும் முழுத் தடைக்கும் நடுவில் 17 வருடங்களுக்கு மேல். அந்த வருடங்களில் எத்தனை பம்ப்பு எத்தனை முதுகில் ஒழுகியது என்பதற்கு எந்தப் பதிவேடும் இல்லை, ஏனென்றால் எல்லாம் ‘தோல் அழற்சி’ என்றுதான் எழுதப்பட்டிருக்கும்.

இன்று கிளினிக்கில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், இங்கே பினாங்கிலேயே, 1994 முதல் தேசிய விஷத் தகவல் மையம் இயங்குகிறது. இரசாயனம் பட்டவர் வந்தால் டப்பாவின் பெயரை வைத்துக்கொண்டு அவர்களைக் கேட்கலாம். நான் அந்த வெள்ளிக்கிழமை கேட்டிருக்கலாம். கேட்பதற்கு ஒரு கேள்வி இருக்கிறது என்று தெரிந்திருந்தால்.

மாடிப்படி

தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறியதும் அவர் குடும்பம் பிறைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக்குப் போனது. நான்காவது மாடி. மின்தூக்கி பழுதான நாட்களில் ஒவ்வொரு தளத்திலும் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி ஏறுகிறார். கணவர் 2014-ல் தவறிவிட்டார். நான் போன முறை போனபோது கையை நீட்டிக் காட்டினார். “நகமெல்லாம் நல்லா வளர்ந்திருச்சுங்கய்யா.”

கடைசி மகன் சாலையோரப் புல்லை வெட்டிப் பராமரிக்கும் ஒரு குத்தகை வேலையில் இருக்கிறான். சில நாள் களைக்கொல்லியும் அடிக்கிறான். அந்த அம்மா டப்பாவின் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்ப வைத்தார். குளுபோசினேட் என்று இருந்தது. இது வேறு மருந்து, பாராகுவாட் இல்லை, தடை செய்யப்பட்டதும் இல்லை, ஆனாலும் உடம்பில் படக்கூடாது என்று அவருக்குச் சொன்னேன்.

“பேரு எதுவா இருந்தா என்னங்கய்யா” என்றார்.

நான் உட்கார்ந்திருக்கும்போதே மகன் வேலை முடிந்து வந்தான். காலணியைக் கழற்றும் முன்னே அவர் எழுந்து போய் வாசலில் நின்றார். “சட்டையைக் கழட்டு. திரும்பு. முதுகைக் காட்டு.” அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திரும்பி நின்றான். தினமும் நடப்பது போலிருக்கிறது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இடுப்புவரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சட்டையைத் தனி வாளியில் போட்டார்.